5 யூரோ ஒயிட் ஒயின்... அந்தக் குறைந்த விலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? - ஒரு சோவாவே பாட்டிலின் கதை

இத்தாலியில் எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும், ஒயின் அலமாரியின் கீழ்த்தட்டைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டில் பளபளக்கும் லேபிள்கள், தங்க எழுத்துகள், கனமான பாட்டில்கள். கீழ்த்தட்டிலோ அலட்டிக்கொள்ளாத பாட்டில்கள் வரிசையாக நிற்கும். 4 யூரோ, 5 யூரோ. நம்மூர்க் கணக்கில் 500 ரூபாயை ஒட்டிய விலை. அந்த வரிசையில் பெரும்பாலும் ஒரு பெயரைப் பார்க்கலாம்... ‘சோவாவே’.

‘5 யூரோவுக்கு என்ன பெரிய ஒயின் கிடைத்துவிடும்?’ என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். ‘அதே திராட்சை, அதே ஊர், எதுக்குங்க 30 யூரோ கொடுக்கணும்?’ என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால், இரண்டுக்கும் நடுவே யாரும் அதிகம் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. ‘இது எப்படி 5 யூரோவுக்குக் கட்டுப்படியாகிறது? அந்த மிச்சத்தைக் கொடுப்பது யார்?’

மூன்றுக்கும் விடை தேடுவோம். அதற்கு முன்னால் ஒரு விஷயம். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. ஒரு மலிவான பாட்டிலை வைத்து விவசாயம், வரி, உழைப்பு, நம் நாக்கு என எல்லாவற்றையும் கொஞ்சம் புரிந்துகொள்ளும் முயற்சி.

சோவாவே என்பது என்ன?

வட இத்தாலியில் இருக்கிறது வெரோனா. ரோமியோ ஜூலியட் கதையால் உலகத்துக்கே தெரிந்த ஊர். அங்கிருந்து கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால், மதில் சூழ்ந்த, குன்றின்மேல் கோட்டை நிற்கும் சிறிய ஊர் வரும். அதுதான் சோவாவே. இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘மென்மையான’, ‘இதமான’ என்று பொருள். ஊர்ப் பெயரே ஒயினுக்கும் பெயராகிவிட்டது. நாம் மணப்பாறை முறுக்கு, திருநெல்வேலி அல்வா என்று சொல்வதைப்போல!

இது ஒரே திராட்சையில் செய்யும் ஒயின் அல்ல, கலவை. விதிப்படி, குறைந்தது 70 சதவிகிதம் ‘கார்கானேகா’ என்ற வெள்ளைத் திராட்சை இருக்க வேண்டும். மீதி 30 சதவிகிதத்தில் ‘ட்ரெபியானோ தி சோவாவே’, ‘ஷார்டனே’ ஆகியவற்றைச் சேர்க்கலாம். முழுக்க முழுக்க கார்கானேகாவில் செய்தாலும் தவறில்லை.

எதற்காகக் கலக்க வேண்டும்? சாம்பாருக்குப் பருப்பு மட்டும் போதாது, புளியும் வேண்டும் அல்லவா... அதே கணக்குதான். கார்கானேகா உடலைக் கொடுக்கும். கூடவே, வாதுமைப் பருப்பின் தோலைக் கடித்தால் வருமே ஒரு மெல்லிய கசப்பு, அதையும் கொடுக்கும். ட்ரெபியானோ தி சோவாவே புளிப்பையும் வாசனையையும் கூட்டும். ஷார்டனே கொஞ்சம் சேர்ந்தால் வாயில் ஓர் உருண்டையான, வழுவழுப்பான உணர்வு வரும்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. இத்தாலியில் ‘ட்ரெபியானோ’ என்ற பெயரில் பல திராட்சைகள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ‘ட்ரெபியானோ தொஸ்கானோ’ என்பது கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளும், ஆனால் ருசியில் சாதுவான ரகம். பிரான்ஸில் கோன்யாக் பிராந்தி காய்ச்சப் பயன்படுவது இதுதான். அங்கே இதன் பெயர் ‘உய்னி பிளாங்க்’. சோவாவேவின் ட்ரெபியானோ வேறு. மரபணு ஆய்வில் பார்த்தபோது, அது கிழக்கு இத்தாலியின் புகழ்பெற்ற ‘வெர்திக்கியோ’ திராட்சையேதான் என்று தெரிந்தது. ஆக, மலிவான பாட்டிலில் எந்த ட்ரெபியானோ இருக்கிறது என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது.

நல்ல பெயர் கெட்டது எப்படி?

சோவாவே ஒன்றும் நேற்று முளைத்த பெயர் அல்ல. 1931-லேயே இத்தாலிய அரசு இந்த ஒயினுக்கான எல்லையை வரையறுத்தது. ஊரைச் சுற்றியிருக்கும் குன்றுகள்தான் அந்த எல்லை. எரிமலைப் பாறை மண், சுண்ணாம்பு மண், நல்ல வடிகால், குறைவான விளைச்சல், அழுத்தமான ருசி.

1968-ல் ‘டி.ஓ.சி’ எனப்படும் புவிசார் தர அங்கீகாரம் கிடைத்தது. கேட்க நல்ல செய்திதான். ஆனால், சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது. எல்லையைக் குன்றுகளைத் தாண்டி, வளமான சமவெளிக்கும் நீட்டிவிட்டார்கள். கார்கானேகாவுக்கு ஒரு குணம் உண்டு. வளமான மண்ணில் விட்டால் அடக்கமில்லாமல் காய்க்கும். விளைச்சல் கூடினால் ருசி நீர்க்கும். நம்மூரில் தண்ணீரும் உரமும் கொட்டி வளர்த்த தக்காளி பார்க்கப் பெரிதாக இருந்தும் குழம்பில் சப்பென்று போவதில்லையா, அதே கதை.

1970-களில் அமெரிக்காவில் சோவாவே சக்கைப்போடு போட்டது. ஒரு கட்டத்தில் புகழ்பெற்ற கியான்டி ஒயினையே விற்பனையில் முந்தியது. விற்க விற்க இன்னும் அதிகம் வேண்டும், இன்னும் மலிவாக வேண்டும் என்ற நெருக்கடி. ‘சோவாவேன்னா தண்ணி மாதிரி இருக்குமே, அதுதானே’ என்ற பெயர் நிலைத்துப்போனது.

1986-ல் இத்தாலி முழுவதையும் உலுக்கிய ஒரு சம்பவம் நடந்தது. சோவாவேவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால், ‘மலிவு ஒயின்’ என்று பேசினால் அதைத் தாண்டிப் போக முடியாது. மட்டமான ஒயினில் ஆல்கஹால் அளவைக் கூட்டிக்காட்ட, விலை குறைந்த மெத்தனாலைச் சிலர் கலந்தார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பலர் பார்வை இழந்தார்கள். கள்ளச்சாராயத்தில் மெத்தனால் என்ன செய்யும் என்பது மரக்காணத்தையும் கள்ளக்குறிச்சியையும் பார்த்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இத்தாலி ஒயினின் ஏற்றுமதி சரிந்தது, மானமும் போனது. ‘அளவு முக்கியமல்ல, தரம்தான் முக்கியம்’ என்ற திருப்பம் அந்த நாட்டில் வேகமெடுத்ததற்கு இந்தச் சாவுகளும் ஒரு காரணம்.

சோவாவேவிலும் மீட்பு முயற்சிகள் நடந்தன. பியரோபான் குடும்பம் 1971-லேயே ‘கல்வாரினோ’ என்ற ஒற்றைத் தோட்டத்து ஒயினை வெளியிட்டு, ‘குன்றில் விளைந்தால் இந்தத் திராட்சை எங்கே போகும் பாருங்கள்’ என்று காட்டியிருந்தது. ராபர்ட்டோ அன்செல்மி என்ற தயாரிப்பாளர், விதிகள் தரத்தைக் காக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, 2000-ல் சோவாவே என்ற பெயரையே தன் லேபிளிலிருந்து எடுத்துவிட்டார். 2001-ல் ‘சோவாவே சுப்பீரியோரே’வுக்கு, விளைச்சலை இறுக்கிப் பிடிக்கும் உயர்நிலை அங்கீகாரம் வந்தது. 2018-ல் இங்கேயுள்ள பாரம்பர்யத் திராட்சைத் தோட்டங்களை, உலகளாவிய முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு அறிவித்தது. 2019-ல் 33 குன்றுப் பகுதிகளின் பெயர்களை லேபிளில் தனியாகக் குறிப்பிட அனுமதி கிடைத்தது.

ஆக, இன்று ஒரே பெயரில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. குன்றில் விளைந்து 15, 20 யூரோவுக்கும் அதற்கு மேலும் விற்பது ஒன்று. பெரும்பாலும் சமவெளியில் விளைந்து, கூட்டுறவு ஆலைகள் வழியே 4, 5 யூரோவுக்கு வருவது இன்னொன்று. கூட்டுறவு என்றதும் மட்டமாக நினைத்துவிட வேண்டாம். சோவாவேவின் பெரிய கூட்டுறவு ஆலை 1898-ல் தொடங்கியது. ஒன்றிரண்டு ஹெக்டேர் மட்டும் வைத்திருக்கும் சிறு விவசாயி, சொந்த ஆலையும் பாட்டில் இயந்திரமும் இல்லாமல் பிழைக்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் இவைதான். நம்மூர் ஆவின்போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

5 யூரோவைப் பிரித்துப் பார்ப்போமா?

ஒரு பாட்டிலின் விலையில் ஒயினின் பங்கு எவ்வளவு என்று யோசித்திருக்கிறீர்களா?

இத்தாலியில் ஒயினுக்குக் கலால் வரி கிடையாது. பூஜ்ஜியம்! மதிப்புக்கூட்டு வரி மட்டும் 22 சதவிகிதம். 5 யூரோ பாட்டிலில் சுமார் 90 சென்ட் வரியாகப் போய்விடும். மீதி 4 யூரோ 10 சென்ட்டில் கடைக்காரர் லாபம், லாரி வாடகை, கண்ணாடி பாட்டில், மூடி, லேபிள், ஆலைச் செலவு எல்லாம் போக மிஞ்சுவதுதான் திராட்சைக்கு.

இதே பாட்டில் பிரிட்டனுக்குப் போனால் கதை மாறும். அங்கே 2025 பிப்ரவரியிலிருந்து ஒயினுக்கும் ஆல்கஹால் அளவைப் பொறுத்து வரி போடுகிறார்கள். அப்போது வந்த விகிதப்படி, 12 சதவிகித ஆல்கஹால் உள்ள ஒரு பாட்டிலுக்குக் கலால் வரி மட்டும் சுமார் 2 பவுண்டு 66 பென்ஸ். கடையில் 7 பவுண்டுக்கு விற்றால், அதில் மதிப்புக்கூட்டு வரி இன்னொரு 1 பவுண்டு 17 பென்ஸ். இரண்டும் சேர்ந்து 3 பவுண்டு 83 பென்ஸ். விலையில் பாதிக்கும் மேல் அரசாங்கத்துக்கு!

இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான கணக்கு இருக்கிறது. 7 பவுண்டு பாட்டிலில் வரி போக மிஞ்சுவது 3 பவுண்டு 17 பென்ஸ். அதே 12 சதவிகித ஒயினை 10 பவுண்டுக்கு வாங்கினால், வரி போக 5 பவுண்டு 67 பென்ஸ் மிஞ்சும். கொடுக்கும் விலை 43 சதவிகிதம்தான் கூடுகிறது. ஆனால், வரி போக மிஞ்சும் தொகை கிட்டத்தட்ட 80 சதவிகிதம் கூடுகிறது. ‘இன்னும் கொஞ்சம் போட்டு அடுத்த தட்டில் எடுங்க’ என்று ஒயின் எழுத்தாளர்கள் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இந்தியாவுக்கு வந்தால்? 2021 பட்ஜெட்டில் அடிப்படைச் சுங்க வரி 50, வேளாண் உள்கட்டமைப்பு வரி 100 என்று பிரித்தார்கள். கூட்டினால் அதே பழைய 150 சதவிகிதம். துறைமுகத்துக்கு 3 யூரோ மதிப்பில் வந்து இறங்கும் பாட்டில், வாசலைத் தாண்டும்போதே ஏழரை யூரோ ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் மாநில வரிகள். ஆஸ்திரேலியாவுடன் போட்ட ஒப்பந்தம் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, பாட்டிலுக்கு 5 டாலருக்கு மேல் இறக்குமதி மதிப்புள்ள ஒயின்களுக்குத்தான் வரிச் சலுகை கிடைத்தது. அதற்குக் கீழே இருப்பவற்றுக்கு இல்லை. உள்ளூர் ஒயின் தொழிலைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2026 ஜனவரியில் முடிவானதாக அறிவிக்கப்பட்ட ஒப்பந்தத்திலும் ஒயின் வரிக் குறைப்பு இடம்பெற்றிருக்கிறது. ஆனால், எளிமையான விஷயத்தை மறந்துவிடக் கூடாது. வெரோனாவில் அன்றாடச் சாப்பாட்டு மேஜைக்கு வரும் பாட்டில், சென்னைக்கு வந்தால் ஆடம்பரப் பொருள். ‘இத்தாலி ஒயின்’ என்ற ஒரே காரணத்துக்காக இங்கே கொடுக்கும் விலை, தரத்துக்கான விலை அல்ல. பெரும்பகுதி வரிக்கான விலை.

சரி, ருசி எப்படி?

இந்தக் கட்டுரைக்காகச் சுவைத்தது, கீழ்த்தட்டு ரக சோவாவே ஒன்று. 12 சதவிகித ஆல்கஹால், கார்கானேகாவுடன் கொஞ்சம் ட்ரெபியானோ. பிராண்ட் பெயர் வேண்டாம். இந்த விலையில் பிராண்டைவிட ரகம்தான் முக்கியம்.

முதலில் நிறம். வெளிர் வைக்கோல் நிறம், ஓரத்தில் லேசான பச்சை. இளம் ஒயிட் ஒயினுக்கு இது நல்ல அறிகுறி. பித்தளை நிறத்துக்குப் போயிருந்தால், காற்று பட்டுக் கெட்டிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து வாசனை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் முகர்ந்தால் எதுவுமே வரவில்லை. அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் வாசனை எழும்பாது. விலை குறைந்த ஒயிட் ஒயினை ஐஸ்போல ஆக்கிக் கொடுப்பதன் ரகசியமும் இதுதான். குறைகள் தெரியாது! பத்து நிமிடம் பொறுத்தால் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், காயும் கனியுமான பேரிக்காய் வருகின்றன. அடியில் மெலிதாக ஒரு பூ வாசம். 8 முதல் 10 டிகிரி வரை இருந்தால் சரியாக இருக்கும்.

பிறகு வாய். முதல் மடக்கில் புளிப்பு முன்னால் வருகிறது. நல்ல புளிப்பா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. விழுங்கிய பிறகு, நாக்கின் இருபுறமும் எச்சில் ஊறுகிறதா என்று கவனியுங்கள். ஊறினால் புளிப்பு உயிரோடு இருக்கிறது. இதில் ஊறியது. ஆனால், நடுவில் ஓர் இடைவெளி. புளிப்பு போய், கசப்பு வருவதற்கு முன்னால், அங்கே பழச்சுவை ஏதாவது இருக்க வேண்டும். அந்த இடத்தில் இந்த ஒயின் தண்ணீராக இருந்தது. அதிக விளைச்சலின் கையெழுத்து அது. கடைசியில் அந்த வாதுமைத்தோல் கசப்பு வந்து எட்டிப்பார்த்துவிட்டு, நாலைந்து நொடிகளில் போய்விட்டது. நல்ல சோவாவேவில் அந்தக் கசப்பு நின்று பேசும்.

தீர்ப்பு? குறை சொல்ல முடியாத ஒயின். நினைவில் வைத்துக்கொள்ளும்படியான ஒயினும் அல்ல. இதைத் திட்டாகச் சொல்லவில்லை. வெரோனா பக்கத்தில் இதைத் தனியாக ரசித்துக் குடிக்க வைப்பதில்லை. ரிசோட்டோ, கார்டா ஏரி மீன், வசந்த காலத்து வெள்ளை அஸ்பாரகஸ் என்று சாப்பாட்டோடு வைக்கிறார்கள். எண்ணெயையும் வெண்ணெயையும் கழுவிவிட்டு, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்குவதுதான் இதன் வேலை. ரசம் செய்கிற வேலை என்று சொன்னால் உங்களுக்குப் பட்டென்று புரியும். ஒன்று மட்டும்... காரசாரமான சாப்பாட்டோடு எந்த ஒயினும் கொஞ்சம் தடுமாறும். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தூக்கிக் காட்டும்.

விலை நம் நாக்கை ஏமாற்றுமா?

ஏமாற்றும். தாராளமாக ஏமாற்றும்.

2008-ல் வெளியான ஓர் ஆய்வில், 6,000-க்கும் மேற்பட்ட கண்கட்டிச் சுவைத்தல்களின் முடிவுகளை அலசினார்கள். ஒயின்களின் விலை 1.65 டாலரிலிருந்து 150 டாலர் வரை. விலை தெரியாமல் குடித்த சாதாரண மக்களுக்கு, விலை உயர்ந்த ஒயின் அதிகம் பிடிக்கவில்லை. சராசரியாகப் பார்த்தால் ஒரு துளி குறைவாகவே பிடித்திருந்தது! ஒயின் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் விலை உயர்ந்தது கொஞ்சம் அதிகம் பிடித்தது.

அதே ஆண்டில் கலிஃபோர்னியாவில் இன்னொரு சோதனை. 20 பேரை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்க வைத்து, ஒரே ஒயினை ஒருமுறை ‘10 டாலர்’ என்றும் இன்னொரு முறை ‘90 டாலர்’ என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று கேட்டபோது ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மூளையில் இன்பத்தை உணரும் பகுதி உண்மையிலேயே அதிகம் வேலை செய்தது.

பிரான்ஸில் நடந்த சோதனை இன்னும் வேடிக்கை. போர்தோ நகரில் ஒயின் தொழில்நுட்பம் படிக்கும் 54 மாணவர்களிடம், ஒயிட் ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே அதற்கும் சொன்னார்கள். 2001-ல் வெளியான ஆய்வு இது.

இதிலிருந்து ‘ஒயின் ருசி எல்லாமே சும்மா பில்டப்’ என்று முடிவுக்கு வந்துவிடலாமா? முடியாது. நீர்த்த ஒயினுக்கும் அழுத்தமான ஒயினுக்கும் வித்தியாசம் நிஜம். அதைப் பிடிக்க நாக்குக்குப் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான். கர்நாடக சங்கீதம் முதல்முறை கேட்பவருக்கு எல்லா ராகமும் ஒன்றாகக் கேட்பதுபோல. ஆனால், அந்தப் பழக்கம் இல்லாதவர், பழக விருப்பமும் இல்லாதவர், 5 யூரோ பாட்டிலில் சந்தோஷமாக இருந்தால் அவரைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் உரிமையில்லை.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்?

உலகமே ஒயினைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. சர்வதேசத் திராட்சை மற்றும் ஒயின் அமைப்பின் கணக்குப்படி, 2024-ல் உலகம் குடித்த ஒயின் சுமார் 2,140 கோடி லிட்டர். 1961-க்குப் பிறகு மிகக் குறைந்த அளவு. விலைவாசி, உடல்நல அக்கறை, இளைய தலைமுறையின் விலகல் எனப் பல காரணங்கள்.

விளைச்சலும் ஆட்டம் காண்கிறது. 2023-ல் இடைவிடாத மழையால் இத்தாலியின் மத்திய, தெற்குப் பகுதிகளில் அடிச்சாம்பல் நோய் தாக்கியது. உற்பத்தி சுமார் 383 கோடி லிட்டருக்கு இறங்கி, முதலிடத்தை பிரான்ஸிடம் கொடுத்தது இத்தாலி. அடுத்த ஆண்டே 440 கோடி லிட்டருடன் மீண்டும் முதலிடம். ஒரு வருடம் பஞ்சம், மறுவருடம் மீட்பு என்ற இந்த ஊஞ்சலில் முதலில் விழுவது, கையிருப்பு இல்லாத சிறு விவசாயி.

அடுத்து அமெரிக்கா. இத்தாலி ஒயினின் மிகப்பெரிய வெளிநாட்டுச் சந்தை அதுதான். 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒயினுக்கு 200 சதவிகித வரி போடுவேன் என்று மிரட்டினார் டிரம்ப். பேரம் பேசி, ஆகஸ்ட்டில் 15 சதவிகிதத்தில் வந்து நின்றது. 80 யூரோ பாட்டில் வாங்குபவர் 15 சதவிகிதத்தைப் பொறுத்துக்கொள்வார். 8 யூரோ பாட்டிலை வாங்குபவர் பக்கத்தில் இருக்கும் கலிஃபோர்னியா ஒயினுக்குக் கையை நீட்டிவிடுவார். அந்த பயத்தில், இறக்குமதியாளர் ‘விலையில் கொஞ்சம் குறையுங்க’ என்று ஆலையைக் கேட்பார். ஆலை விவசாயியைக் கேட்கும். விவசாயி யாரைக் கேட்பார்?

பந்தலுக்குக் கீழே நிற்பது யார்?

அந்தக் கேள்விக்குப் பதில், தோட்டத்தில் இருக்கிறது.

சோவாவேவின் பழைய தோட்டங்களில் திராட்சைக்கொடியைப் பந்தலில் படர விடுகிறார்கள். ‘பெர்கோலா’ என்று பெயர். நம்மூர்க் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தல்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. இலை கூரையாக நிற்க, குலைகள் நிழலில் தொங்கும். வெயில் கொளுத்தும் இன்றைய கோடைகளில் இந்த நிழல் ஒரு வரம். ஆனால், பந்தலுக்கு அடியில் அறுவடை இயந்திரம் எளிதில் நுழையாது. கையால்தான் பறிக்க வேண்டும். கவாத்துக்கும் அண்ணாந்து நின்று கைதான் வேலை செய்ய வேண்டும்.

ஆக, பாட்டில் விலை குறையக் குறைய, நெருக்கடி வந்து விழுவது அந்தக் கைகளின்மீது. இத்தாலிய விவசாயத்தில் ‘கப்போரலாத்தோ’ என்றொரு பழைய நோய் இருக்கிறது. நம்மூர்க் கங்காணி முறையேதான். இடைத்தரகர் ஆள் பிடித்துக் கொடுப்பார், கூலியில் பங்கு பிடித்துக்கொள்வார். 2016-ல் இதற்கெதிராகக் கடுமையான சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் என்ன நடந்தது தெரியுமா?

2024 ஜூலையில், வெரோனா மாகாணத்தில் கொத்தடிமை போன்ற நிலையில் இருந்த 33 விவசாயத் தொழிலாளர்களை இத்தாலிய போலீஸ் மீட்டது. அத்தனை பேரும் இந்தியர்கள். பருவகால வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி, ஒவ்வொருவரிடமும் 17,000 யூரோ கேட்டிருக்கிறார்கள். வீட்டை, நிலத்தை அடகு வைத்தவர்களும் உண்டு. மணிக்கு 4 யூரோ கூலி, ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை, வாரம் ஏழு நாளும். அந்தக் கூலியும் கடனுக்குக் கழிந்துபோனது. பாஸ்போர்ட்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பிடித்து வைத்திருந்ததாகக் குற்றம்சாட்டப்பட்டவர்களும் இந்தியர்களே.

இங்கே நிதானமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வழக்கை சோவாவே ஒயினோடு இணைக்க எந்த ஆதாரமும் இல்லை. மாகாணம் பெரியது, பழம், காய்கறி எனப் பல பயிர்கள் அங்கே உண்டு. நேர்மையாகக் கூலி கொடுக்கும் தோட்டங்களும் கூட்டுறவுகளும் நிறைய. ஆனால், அதே மாகாணத்தில், அதே விலை நெருக்கடியில், அதே பருவகாலக் கூலிமுறையில்தான் திராட்சையும் பறிக்கப்படுகிறது. ‘மலிவு’ என்ற சொல்லுக்கு அடியில் என்ன இருக்கக்கூடும் என்பதற்கு, இதைவிட நமக்கு நெருக்கமான உதாரணம் தேவையில்லை.

லேபிளில் எதைப் பார்ப்பது?

வெளிநாட்டில் இருப்பவர்கள், பயணம் போகிறவர்கள் யாராவது கேட்டால் சொல்வதற்குச் சில குறிப்புகள்.

‘கிளாசிக்கோ’ என்ற சொல் இருந்தால், திராட்சை பழைய குன்றுப் பகுதியில் விளைந்தது என்று அர்த்தம். பல கடைகளில் சாதாரண சோவாவேவைவிட இரண்டு, மூன்று யூரோதான் கூடுதலாக இருக்கும். இந்த ரகத்தில் கொடுத்த காசுக்கு அதிகம் கிடைக்கும் இடம் அதுதான்.

அறுவடை ஆண்டைப் பாருங்கள். கீழ்த்தட்டு ஒயிட் ஒயின் ஊறுகாய் அல்ல, வைத்திருந்தால் ருசி ஏறாது. ஓரிரு ஆண்டுகளுக்குள் திறந்துவிட வேண்டும்.

கனமான பாட்டிலைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கண்ணாடிக்கும் லாரிக்குமான செலவு, ஒயினுக்கானது அல்ல.

2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரான ஒயின்களில், சேர்மானங்களையும் கலோரியையும் சொல்ல வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. கியூ.ஆர் கோடை ஸ்கேன் செய்தால் தெரியும். ஆனால், எந்தக் கோடை ஸ்கேன் செய்தாலும் பறித்தவருக்கு என்ன கூலி என்று தெரியாது. அந்த வரி இன்னும் யாருடைய லேபிளிலும் கட்டாயம் ஆகவில்லை.

இன்னொரு வரியும் பெரும்பாலான லேபிள்களில் இல்லை. ‘பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது’ என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் மதுவைப் பற்றித் தெளிவாகச் சொன்னது. 150 மி.லி. கிளாஸ் ஒன்றில், 12 சதவிகித ஒயின் என்றால், சுமார் 14 கிராம் ஆல்கஹால். 5 யூரோ பாட்டிலானாலும் 500 யூரோ பாட்டிலானாலும், கல்லீரலுக்கு அந்தக் கணக்கு ஒன்றுதான். புற்றுநோய் எச்சரிக்கையை பாட்டிலில் அச்சிட அயர்லாந்து சட்டம் போட்டது. 2026-ல் அமலுக்கு வரவேண்டிய அந்த விதி, ஒயின் நாடுகளின் எதிர்ப்புக்கும் வர்த்தகக் கவலைகளுக்கும் நடுவே 2028-க்குத் தள்ளிப்போயிருக்கிறது.

முடிவாக...

‘5 யூரோ ஒயின் நல்லதா?’ என்றால், நாக்கைப் பொறுத்தவரை ‘பரவாயில்லை’ என்பதுதான் நேர்மையான பதில். கூட்டுறவு ஆலை ஒழுங்காக நடந்தால், பறித்தவருக்குச் சரியான கூலி கிடைத்தால், அது ஒரு சாதாரண விவசாயப் பொருளின் நியாயமான விலை. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால், அந்த 5 யூரோவை 4 ஆக்கு, 3 ஆக்கு என்று சந்தை இழுக்கும்போது, குறைவது ஒயினின் ருசி மட்டுமல்ல.

இது ஒயினுக்கு மட்டுமான பாடமும் அல்ல. தேயிலை, முந்திரி, இறால், டி-ஷர்ட் என நம்மூரிலிருந்து வெளிநாட்டுக் கடைகளின் கீழ்த்தட்டுக்குப் போகும் பொருள்கள் எத்தனையோ. அங்கே யாரோ ஒருவர் அவற்றைக் கையில் எடுத்து, ‘இவ்வளவு மலிவா கிடைக்குதே!’ என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்தால், விலைச்சீட்டு வேறு மாதிரி தெரியும்.

(மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு.)